கப்பலில் இரவு உணவு: குறித்த பந்தியா, விருப்ப நேரமா?

கேள்வி: மார்ச் 2

ஏழு இரவுக் கப்பல் பயணம் ஒன்றுக்கு முன்பதிவு செய்துகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வினாவில் வந்து நிற்கிறது. இரவு உணவுக்கு மாலை 5:30, இரவு 8:00, விருப்ப நேரம் என மூன்று கட்டங்கள் உள்ளன, ஒன்றில் குறியிட வேண்டுமாம். நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், 13 வயது மகன், 6 வயது மகள், 70 வயதைக் கடந்த மாமியார். விடுமுறைக்குப் போன இடத்திலும் மணி பார்த்துச் சாப்பிட உட்காருவது எனக்கு உவப்பாக இல்லை. விருப்ப நேரம் என்ற ஒன்று கிடைக்கும்போது குறித்த நேரத்தை எவரேனும் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: மார்ச் 2, இரவு

மேசைக்காகத் தேர்ந்தெடுப்பார்கள். குறித்த நேரம் என்ற பெயரில் கிடைப்பது நேரம் மட்டும் அன்று. பயணம் முடியும்வரை ஒரே மேசை, அதே பரிமாறுபவர், அதே உதவியாளர் என்ற ஏற்பாடும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. முதல் இரவில் அவருக்கு நாம் அறை எண் மட்டுமே. இரண்டாம் இரவுக்குள் என் மனைவி பனிக்கட்டி இல்லாத தண்ணீர்தான் குடிப்பார் என்பதும், நான் இனிப்புக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டி கேட்பவன் என்பதும் அவருக்குப் பாடமாகிவிட்டன. முக்கிய உணவு முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து பேனா அளவுள்ள வளைந்த உலோகத் தகடு ஒன்றை எடுத்து, வெள்ளை மேசைத்துணியில் சிதறிக் கிடக்கும் ரொட்டித் துகள்களை வழித்துத் தட்டில் சேர்ப்பார். என் பக்கம் வரும்போது மட்டும் சிரித்துக்கொண்டே இரண்டு முறை வழிப்பார். நான் ரொட்டி பிய்க்கும் இலட்சணம் அப்படி.

விருப்ப நேரத்தில் உணவுக்கூடம் ஏறக்குறைய 5:30 முதல் 9:00 அல்லது 9:30 வரை திறந்திருக்கும். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பது ஏட்டில் உள்ள விதி. ஆனால் பகல் முழுவதும் கடற்காற்றில் திரிந்தவர்களுக்குப் பசி ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் எடுக்கிறது. ஆகவே 6:30 மணிக்கும் 7:30 மணிக்கும் இடையில் வாசலில் வரிசை நிற்கும். சில கப்பல்களில் மேசை தயாரானதும் அதிரும் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இப்போது பலவற்றில் அந்த வேலையைக் கைபேசிச் செயலி செய்கிறது. இருவர் மட்டும் என்றால் விரைவில் இடம் கிடைத்துவிடும். ஐந்து பேருக்கு ஆறு பேர் அமரும் மேசை காலியாக வேண்டும், அதில் இருப்பவர்கள் காப்பி குடித்து முடிக்க வேண்டும், நீங்கள் காத்திருக்க வேண்டும்.

மார்ச் 3, காலை

நேற்றிரவு எழுதியதைப் படித்துவிட்டு, குறித்த நேரத்தைத்தான் நான் பரிந்துரைக்கிறேன் என்று முடிவு செய்துவிடாதீர்கள். பயணத் திட்டத்தைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே தவறு. எந்த நாளில் எந்தத் துறைமுகம், கப்பல் அங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை முதலில் எழுதி அனுப்புங்கள்.

மார்ச் 3, இரவு

புறப்படும் நேரத்தை ஏன் கேட்டேன் என்று சிலர் வினவியிருப்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

கப்பல் மாலை 5:00 மணிக்குப் புறப்படுகிறது என்றால் பயணிகள் அனைவரும் வழக்கமாக 4:30 மணிக்குள் ஏறிவிட வேண்டும். கரைச் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அந்தக் கடைசி நேரத்தை ஒட்டியே திரும்பி வரும். நுழைவாயிலில் பைகளை ஊடுகதிர்க் கருவியில் இட்டு எடுத்து, மின்தூக்கிக்குக் காத்து நின்று, அறைக்குள் வந்து, காலில் ஒட்டிய மணலைக் கழுவி, ஐந்து பேரும் ஒரே குளியலறையில் முறை வைத்துக் குளித்து முடிப்பதற்குள் 5:30 தாண்டியிருக்கும். 5:30 மணிப் பந்தி என்றால், கப்பல் துறைமுகத்தை விட்டு மெல்ல விலகும் காட்சியை மேல்தளத்தில் நின்று பார்க்கவேண்டிய அதே வேளையில் நீங்கள் உள்ளே சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு இது நேர்ந்திருக்கிறது. மலைகளுக்கு நடுவே குறுகிச் செல்லும் நீர்வழியின் முதல் அரை மணி நேரத்தை நான் உணவுக்கூடத்தின் தடித்த கண்ணாடி வழியாக, பக்கத்து மேசைக்காரரின் தோளுக்கு மேலாகத்தான் கண்டேன்.

புறப்பாடு இரவு 9:00 அல்லது 10:00 மணி என்றால் இரண்டு பந்திகளுமே இடைஞ்சல்தான். ஊருக்குள் விளக்கு ஏற்றும் நேரத்தில், கடைத்தெரு களைகட்டும் நேரத்தில், மேசை காத்திருக்கிறதே என்று கப்பலுக்கு ஓடிவர வேண்டியிருக்கும். அத்தகைய துறைமுகங்கள் மிகுந்த பயணத்துக்கு விருப்ப நேரமே பொருந்தும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

கடலிலேயே கழியும் நாட்கள் மிகுதியாக இருந்தால் நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது. அன்று யாருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை. மாலை ஒரு குறித்த மணிக்குக் குளித்து நல்ல உடை உடுத்திச் செல்ல ஓர் இடம் இருப்பது அந்த நாளுக்கே ஒரு வடிவத்தைத் தருகிறது. உடை விதியோடு கூடிய முறைசார் இரவுகளையும் பெரும்பாலும் கடல் நாட்களில்தான் வைப்பார்கள். அன்று விருப்ப நேரக்காரர்களின் வரிசை வழக்கத்தைவிட நீளும், அதுவும் கோட்டு அணிந்துகொண்டு.

மார்ச் 5

"விருப்ப நேரத்தில் உணவு ஆறிப்போய் வருகிறது, தரம் குறைவு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உணவு ஒன்றே. ஒரே சமையற்கூடம், ஒரே பட்டியல், பெரும்பாலான கப்பல்களில் ஒரே உணவுக்கூடத்தின் வெவ்வேறு தளங்கள்; ஒரு தளத்தைப் பந்திக்காரர்களுக்கும் இன்னொன்றை விருப்ப நேரத்துக்கும் பிரித்துவிடுவார்கள். வேறுபாடு வேலையின் ஓட்டத்தில் உள்ளது.

பந்தி முறையில் முழுத் தளமும் சில நிமிட இடைவெளிக்குள் அமர்ந்துவிடுகிறது. ஆகவே முதல் தட்டு எப்போது தேவைப்படும், முக்கிய உணவு எப்போது தேவைப்படும் என்பது சமையற்கூடத்துக்கு முன்கூட்டியே தெரியும். பரிமாறுபவர் தம் மேசைகள் அனைத்துக்கும் ஒரே நடையில் எடுத்து வருகிறார். மூடியிட்ட தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பெரிய தாம்பாளத்தைத் தோளுயரத்தில் தாங்கி, கப்பல் அசையும்போதும் ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாமல் வந்து பக்க மேசையில் இறக்குவதை ஒருமுறையாவது நின்று பாருங்கள். விருப்ப நேரத்தில் அவருடைய ஒரு மேசை சூப்பிலும், அடுத்தது இனிப்பிலும், மூன்றாவது இன்னும் பட்டியலைப் புரட்டுவதிலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உள்ளே போய்வர வேண்டும். அதனால் தட்டுகளுக்கு இடையே காத்திருப்பு நீளலாம். சில இரவுகளில் இதற்கு நேர்மாறாக, வாசலில் வரிசை நிற்கிறது என்ற அழுத்தத்தில் உணவு மிக விரைவாக வந்து போய்விடும். இரண்டையும் கண்டிருக்கிறேன். பரிமாறுபவரின் திறமையில் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

முதல் பந்திக்கும் ஒரு அவசரம் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 8:00 மணிக்காரர்களுக்கு மேசையைத் துடைத்து, துணி மாற்றி, கத்தியும் கரண்டியும் புதிதாக அடுக்கியாக வேண்டும். 7:15 மணி அளவில் காப்பி வேண்டுமா என்று கேட்கும் குரலில் மரியாதை குறையாது. ஆனால் கேட்கும் வேகம் கூடிவிடும். நிதானமாக உட்கார்ந்து பேச விரும்புகிறவர்களுக்கு இரண்டாம் பந்திதான் உகந்தது, ஏனெனில் அவர்களுக்குப் பின்னால் அந்த மேசைக்காக யாரும் காத்திருப்பதில்லை.

மார்ச் 6

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பதை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். முந்தினவர்கள் இரவு 10:30 மணிக்கு மீண்டும் பசித்து மேல்தளத்தில் பீட்சா வரிசையில் நிற்பதை அவர் பார்த்ததில்லை போலும்.

மார்ச் 8

இரவு உணவு நேரம் அரங்க நிகழ்ச்சிகளோடு மோதாதா என்று கேட்டவருக்கு: பெரிய கப்பல்களில் முதன்மை நிகழ்ச்சியை ஓர் இரவில் இரண்டு முறை நடத்துவது பந்திகளைக் கணக்கில் கொண்டே. முதல் பந்தியினர் சாப்பிட்டுவிட்டுப் பிந்திய காட்சிக்குப் போகிறார்கள். இரண்டாம் பந்தியினர் முந்திய காட்சியைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வருகிறார்கள், அல்லது சாப்பிட்டபின் மிகத் தாமதமான காட்சிக்குப் போய் இருக்கையிலேயே கண்ணயர்கிறார்கள். விருப்ப நேரக்காரர்கள் இந்தப் பொருத்தத்தைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலையும் அன்றைய நிகழ்ச்சி நிரலை விரித்து, எத்தனை மணிக்குச் சாப்பிட்டால் எதற்குப் போகலாம் என்று குடும்பத்தோடு விவாதிப்பது சிலருக்கு இன்பம். எங்கள் வீட்டில் அது விவாதமாக நிற்பதில்லை.

மார்ச் 9

பகிர்ந்த மேசையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தேர்வில் மனிதர்களை மிகவும் மகிழ்வித்ததும் மிகவும் வதைத்ததும் அதுவே என்பதால் நானே சொல்கிறேன்.

இருவராகவோ தனியாகவோ செல்பவர்களை, தனி மேசை கேட்டுப் பெறாவிட்டால், ஆறு, எட்டு, பத்துப் பேர் அமரும் மேசைகளில் முன்பின் அறியாதவர்களோடு உட்கார வைப்பது பழைய வழக்கம். குறித்த நேரத்தில் அவர்கள் நாள்தோறும் அதே மனிதர்கள். ஒருமுறை எங்கள் எட்டுப் பேர் மேசையில் ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர் ஒருவர் வாய்த்தார். கப்பலின் டீசல் மின்னாக்கிகள், உந்துவிசைச் சுழலிகள், அலையில் ஆடுவதைக் குறைக்கப் பக்கவாட்டில் நீளும் துடுப்புகள் என ஒவ்வோர் இரவும் ஓர் உறுப்பாக எடுத்து விளக்குவார். முதல் இரண்டு இரவுகள் ஆர்வமாகக் கேட்டோம். மூன்றாம் இரவு மேசையில் ஓர் இணை பஃபேக்குத் தப்பியோடியது. நான்காம் இரவு கடல் சற்றுக் கொந்தளித்தது, நீர்க்குவளைகள் மேசையில் நகர்ந்தன, அனைவரும் தாமாகவே அவர் பக்கம் திரும்பி "அந்தத் துடுப்புகள் இப்போது வெளியே நீண்டிருக்கின்றனவா?" என்று கேட்டோம். அவர் முகத்தில் கண்ட மலர்ச்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை. இன்றும் எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து உண்டு.

விருப்ப நேரத்தில் பகிர்ந்த மேசைக்கு இசைந்தால் ஒவ்வோர் இரவும் புதியவர்கள் வருவார்கள். எந்த ஊர், என்ன தொழில், இதற்கு முன் எந்தக் கப்பல் என்ற மூன்று கேள்விகளும் ஒவ்வோர் இரவும் முதலிலிருந்து தொடங்கும். பேச்சு நான்காம் கேள்விக்குப் போவதற்குள் இனிப்பு வந்துவிடும். ஐந்து பேர் கொண்ட உங்கள் குடும்பத்துக்குத் தனி மேசையே தருவார்கள். ஆகவே இது உங்களுக்குப் பொருந்தாது. தனியே பயணம் செய்கிறவர் யாரேனும் இதைப் படித்தால், தயங்காமல் குறித்த நேரமும் பெரிய மேசையும் கேட்கட்டும்.

மார்ச் 12

"விருப்ப நேரம் என்பதே நேற்று முளைத்த வணிக உத்தி" என்ற கருத்தை ஏற்க இயலவில்லை. 1905ஆம் ஆண்டிலேயே ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் 'அமெரிக்கா' என்ற கப்பலில், பொது உணவுக்கூடத்தின் நேரத்துக்குக் கட்டுப்படாமல், வேண்டியதை வேண்டிய நேரத்தில் வரவழைத்துக் காசு கொடுத்து உண்ணும் ரிட்ஸ் கார்ல்டன் உணவகம் இருந்தது. 1912இல் டைட்டானிக்கிலும் முதல் வகுப்பினருக்கு அப்படியொரு தனி உணவகம் இருந்தது. பயணம் முழுவதும் அங்கேயே உண்பதாக முன்கூட்டியே சொன்னவர்களுக்குக் கட்டணத்தில் 3 முதல் 5 பவுண்டு வரை கழித்துக்கொண்டார்கள். எனவே நேரச் சுதந்திரம் என்பது கப்பல்களில் நெடுங்காலமாக உள்ளது. பணம் படைத்தவர்களுக்கு மட்டும் இருந்தது.

எல்லாப் பயணிகளுக்கும் அதைத் திறந்துவிட்டது அண்மைக் காலத்துச் செய்தி. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000ஆம் ஆண்டில் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் குறித்த பந்திகளையே கைவிட்டது; மற்றப் பெரிய நிறுவனங்கள் பல, பழைய முறையை வைத்துக்கொண்டே பக்கத்தில் விருப்ப நேரத்தையும் சேர்த்தன. உங்கள் முன்பதிவுப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் தோன்றுவது அந்த வழியில் வந்தது. அளவுக்கு மீறிய சுதந்திரமும் இடறியதுண்டு: 2014இல் 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' கப்பலை இறக்கியபோது ராயல் கரீபியன், ஒரே முதன்மை உணவுக்கூடத்துக்குப் பதிலாக நான்கு தனித்தனி உணவகங்களை அமைத்து, எந்த இரவில் எங்கே என்பதைப் பயணிகளே பதிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டது. நாள்தோறும் புதிய இடம், புதிய பரிமாறுபவர், புதிய முன்பதிவு என்பதைப் பலர் விரும்பவில்லை. நிறுவனம் சில ஆண்டுகளிலேயே பழைய முறைக்குத் திரும்பிவிட்டது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது கியூனார்டு என்ற கப்பல் நிறுவனத்தின் ஏற்பாடு. அதன் 'குயீன் மேரி 2' கப்பல் 2004இல் ஓடத் தொடங்கியதிலிருந்து, பெரும்பாலான பயணிகள் உண்ணும் பிரிட்டானியா உணவுக்கூடத்தில் பந்திகள்தாம். மிக உயர்ந்த கட்டணம் செலுத்தும் அறைகளுக்கு உரிய கிரில் உணவகங்களில் ஒவ்வொரு பயணிக்கும் அவருக்கே உரிய மேசை பயணம் முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கும், அதே பரிமாறுபவர்கள் இருப்பார்கள், ஆனால் உணவு வேளைக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து அமரலாம். எல்லோரும் விரும்புவது அதைத்தான். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மார்ச் 13

நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு சேர்க்க வேண்டும், ஏனெனில் இரண்டு பாதிகளையும் ஓரளவு ஒட்டவைக்க ஒரு வழி இருக்கிறது. விருப்ப நேரம் பெற்றவர்கள் பல நிறுவனங்களில் செயலி வழியாகவோ உணவுக்கூட வாசலிலோ ஒரு நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளலாம். முதல் இரவு பரிமாறியவரைப் பிடித்துப்போனால், வெளியே வரும்போது உணவுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பாளரிடம், இனிவரும் இரவுகளிலும் அவருடைய மேசைகளில் ஒன்றே வேண்டும் என்று கேளுங்கள். உறுதியளிக்க மாட்டார்கள், பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள், 6:00 மணியைப் போன்ற நெருக்கடி இல்லாத நேரமாக இருந்தால் இன்னும் எளிது. துறைமுகத்தில் தாமதமாகும் நாளில் மட்டும் முன்பதிவை மாற்றிக்கொண்டால் போதும்.

மார்ச் 16

மாமியாரைப் பற்றி நீங்கள் இரண்டாவதாக எழுதிய குறிப்பில் அவருக்கு நீரிழிவு உண்டு என்றும் இரவு உணவுக்கு முன் ஊசி போட்டுக்கொள்கிறார் என்றும் உள்ளது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பொறியாளர் கதையைச் சுருக்கியிருப்பேன்.

ஊசி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பது கூடாது. விருப்ப நேரத்தில் மேசை எப்போது கிடைக்கும் என்பது அமரும்வரை தெரியாது. அமர்ந்த பிறகும் முதல் தட்டு எப்போது வரும் என்பது உறுதியில்லை. என் தந்தையாரோடு சென்றபோது நாங்கள் கைக்கொண்ட முறை, மேசையில் ரொட்டிக்கூடை வந்த பிறகே ஊசி என்பது. உங்கள் மாமியாருக்கு எது பொருந்தும் என்பதைப் புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பலின் கடிகாரத்தைப் பற்றியும் அப்போதே கேளுங்கள்: கிழக்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ நெடுந்தூரம் செல்லும் பயணங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே அல்லது பின்னே திருப்புவார்கள். அட்லாண்டிக்கைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போது குயீன் மேரி 2இல் நண்பகல் 12:00 மணியையே 1:00 மணி ஆக்கிவிடும் வழக்கம் உண்டு. மேசை நேரம் மாறாது. ஆனால் காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் இடையில் உடல் உணரும் இடைவெளி ஒரு மணி நேரம் குறைந்துவிடும்.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்குக் குறித்த மேசையில் இன்னொரு வசதி உண்டு. தலைமைப் பரிமாறுபவர் மறுநாளைய பட்டியலை முந்திய இரவே கொண்டுவந்து காட்டுவார். எதில் சர்க்கரை, எதில் பால், எதைத் தனியாகச் சமைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வார். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது மிகவும் தேவை. விருப்ப நேரத்திலும் இதைச் செய்கிறார்கள், ஆனால் நாள்தோறும் வேறு பரிமாறுபவர் என்றால் அந்தக் குறிப்பு சரியான மேசைக்கு வந்து சேர்ந்ததா என்று நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். என் தந்தையார் மூன்றாம் இரவில் "என் நோயின் வரலாற்றை இந்தக் கப்பலில் இன்னும் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டுவிட்டார்.

மார்ச் 17

குழந்தைகள். 6 வயதுக்கு 8:00 மணிப் பந்தி கடினம். முக்கிய உணவு 8:45 மணிக்கு வரும்போது தலை மேசையில் சாய்ந்திருக்கும். சில நிறுவனங்கள் இதை உணர்ந்து ஏற்பாடு செய்துள்ளன. ராயல் கரீபியனில் குழந்தைகளுக்கு முதலிலேயே விரைந்து பரிமாறி, சாப்பிட்டு முடித்ததும் சிறுவர் மன்றத்தின் பணியாளர்களே வந்து அழைத்துச் செல்லும் முறை உண்டு. டிஸ்னியில் இரண்டாம் பந்திக்கு இதே போன்ற ஏற்பாடு உள்ளது. டிஸ்னி 1998இல் தன் முதல் கப்பலில் இருந்தே கையாளும் முறையும் சுவையானது: குடும்பங்கள் இரவுக்கு ஓர் உணவகமாக மாறுகின்றன, அவர்களுடைய பரிமாறுபவர்களும் கூடவே மாறுகிறார்கள். குழந்தையின் கோழித் துண்டை எந்த அளவில் நறுக்க வேண்டும் என்று தெரிந்தவர் உணவகம் தோறும் கூடவே வந்துவிடுகிறார்.

13 வயது மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். அவன் எந்த நேரத்திலும் சாப்பிடுவான், பிறகு மறுபடியும் சாப்பிடுவான்.

மார்ச் 20

உங்கள் பயணத் திட்டம் வந்து சேர்ந்தது: இரண்டு கடல் நாட்கள், நான்கு துறைமுகங்கள், அவற்றில் மூன்றில் மாலை 5:00 மணிப் புறப்பாடு, ஒன்றில் இரவு 9:00. முதல் பந்தி நிறைந்துவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் மட்டுமே சேரலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் பந்தி எப்போதுமே முதலில் நிறையும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள எல்லாக் குடும்பங்களும் உங்களைப் போலவே கணக்குப் போடுகின்றன.

நான் செய்வது இதுவாக இருக்கும். 8:00 மணியை விட்டுவிட்டு விருப்ப நேரத்தை எடுப்பேன். ஏழு இரவுகளுக்கும் 6:15 மணிக்கு ஐந்து பேருக்கு இப்போதே முன்பதிவு செய்துவிடுவேன், 9:00 மணிப் புறப்பாடு உள்ள நாளைத் தவிர. அந்த நாளில் குழந்தைகளுக்கும் மாமியாருக்கும் பஃபேயே மேல், நீங்களும் கணவரும் ஊருக்குள் இருந்துகொள்ளலாம். 5:00 மணிப் புறப்பாட்டு நாட்களில் 6:15 என்பது குளிக்கவும் கப்பல் விலகுவதைப் பார்க்கவும் போதுமானது. முதல் பந்திக்கான காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருப்பதில் நட்டமில்லை, இருக்கட்டும்.

மணி பார்த்துச் சாப்பிட விரும்பாதவருக்கு ஆறு இரவும் 6:15 என்று சொல்வது நியாயமா என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். ஊசியின் மணியை நாம் மாற்ற முடியாது.

ஏறிய அன்று பிற்பகலில் மேசை மாற்றங்களுக்கென உணவுக்கூடத்தில் ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருக்கும். பெரும்பாலோர் அப்போது நீச்சல்குளத்தருகே இருப்பார்கள். மாமியாரையும் அழைத்துக்கொண்டு நேரே அங்கே செல்லுங்கள், நீரிழிவையும் ஊசியையும் நேரில் சொல்லுங்கள். குறித்த நேரத்திலிருந்து விருப்ப நேரத்துக்கு மாற்றித் தருவது அவர்களுக்கு எளிது. எதிர்த்திசையில் மாற்றுவதற்கு யாரேனும் மேசையை விட்டிருக்க வேண்டும். முதல் இரவில் வராமல் போகிறவர்களின் மேசைகள் இரண்டாம் நாள் காலையில் தெரியவரும் என்பதால், ஏறிய அன்று கிடைக்கவில்லை என்றால் மறுநாளும் கேளுங்கள்.

மார்ச் 21

அன்பளிப்புத் தொகையைப் பற்றி: பயணத்தின் கடைசி இரவில் உறையில் பணம் வைத்துப் பரிமாறுபவர் கையில் கொடுப்பது பழைய முறை. இப்போது பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கப்பல் கணக்கில் சேர்த்துவிட்டுப் பணியாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ஆகவே விருப்ப நேரத்தில் போனால் யாருக்குக் கொடுப்பது என்ற குழப்பம் இல்லை. ஒருவர் தனியாகக் கவனித்துக்கொண்டார் என்றால் அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம். அவர் பெயரைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் கருத்துப் படிவத்தில் எழுதுவதையும் மறவாதீர்கள், அவர்களுடைய பணி உயர்வில் அது கணக்கில் வருகிறது என்று எங்களுக்குப் பரிமாறிய ஒருவரே சொன்னார்.

மார்ச் 24

6:15 மணிக்கு ஐந்து இரவுகளுக்கு முன்பதிவு கிடைத்தது, முறைசார் இரவு ஒன்றுக்கு மட்டும் 7:45தான் உள்ளது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓர் இரவு மாமியாருக்கு வழக்கமான மணிக்கே வேறு இடத்தில் உணவு கொடுத்துவிட்டு, 7:45 மணிக்கு இனிப்பைத் தவிர்த்து ஏதேனும் சிறிதாக உண்ணச் சொல்லலாம். உடுத்தி வந்து உட்காரும் மகிழ்ச்சியை அவர் இழக்க வேண்டாம். வரப்போவதில்லை என்று முடிவு செய்யும் இரவில் செயலியில் முன்பதிவை நீக்கிவிடுங்கள். பந்திக்காரர் என்றால் முந்திய இரவே பரிமாறுபவரிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அவர் ரொட்டிக்கூடையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே நிற்பார், அதுவரை மற்ற மேசைகளும் சற்றுத் தாமதப்படும்.

கடைசி இரவுக்கு ஒரு குறிப்பு. பெட்டிகளைக் கட்டி இரவு 11:00 மணி அளவில் அறை வாசலில் வைத்துவிட வேண்டும், அவை அன்றிரவே கீழ்த்தளத்துக்குப் போய்விடும். 8:00 மணிப் பந்தியினர் 10:00 மணிக்கு எழுந்து வந்து, போட்டிருக்கும் நல்ல உடையை எந்தப் பெட்டியில் வைப்பது என்று திணறுவார்கள். நீங்கள் 6:15 மணிக்காரர்கள், நேரம் இருக்கிறது. மறுநாள் காலை உடுத்தவேண்டிய உடைகளையும் மாமியாரின் ஊசி மருந்தையும் மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.